பழைய பைக்கின் இரும்பை உரித்து மறுபடி பெயிண்ட் அடிப்பது: சென்னைக் காற்றுக்கு ஏற்ற முறை

பத்து வருடத்துக்கு முன் பெயிண்ட் அடித்த ஒரு புல்லட் டேங்கைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து மடிப்பை நகத்தால் கீறிப் பாருங்கள். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் பெயிண்ட் அங்கே சிறுசிறு கொப்புளமாக எழும்பியிருக்கும். ஒன்றைக் குத்தினால் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரும். அடித்த நாளிலேயே பெயிண்டுக்கு அடியில் தங்கிப்போன ஈரமும் உப்பும்தான் அது. கடலை ஒட்டிய ஊரில் பெயிண்ட் மேலிருந்து கெடுவதைவிட அடியிலிருந்து கெடுவதே அதிகம். அதனால் இங்கே கலரைப் பற்றிச் சொல்வதைவிடக் கலருக்கு முன்னால் வரும் வேலையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

கழற்றும் முன்

முதலில் போட்டோ. ஒயரிங் எந்தப் பக்கமாகப் போகிறது, கேபிள் எங்கே வளைகிறது, எந்த போல்ட்டுக்கு எந்த வாஷர் என்று போனில் 60, 70 படம் எடுத்தாலும் தகும். போல்ட்டுகளைப் பாகம்வாரியாக ஜிப் கவரில் போட்டு, உள்ளே ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். கவர்மேல் மார்க்கரில் எழுதுவது தின்னர் பட்ட உடனே போய்விடும்.

அடுத்தது சேஸிஸ் நம்பர். அது அடித்திருக்கும் இடத்தில் கிரைண்டரும் படக்கூடாது, பள்ளம் நிரப்பும் பட்டியும் படக்கூடாது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணைத்தான் தேடுவார்கள். வேலை தொடங்கும் முன்பே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் இருக்கிறது. கறுப்பு வண்டியைச் சிவப்பாக்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும்.

பிறகு ஒரு சின்னக் காந்தம் எடுத்து எல்லாப் பாகத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். புல்லட்டின் பழைய டூல் பாக்ஸ் தகரம். ஜப்பான் கூட்டில் வந்த பல வண்டிகளின் சைடு கவர் பிளாஸ்டிக்; அதில் பெயிண்டை இளக்கி உரிக்கும் ஸ்ட்ரிப்பர் பட்டால் கஞ்சி மாதிரி இளகிவிடும். காந்தம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். டேங்கின்மேல் நகர்த்திக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் பிடி விட்டால், பெயிண்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், உரித்தபின் அங்கே பள்ளமோ ஓட்டையோ இருக்கும்.

குரோம் பாகங்களைத் தனியாக ஒதுக்குங்கள். குரோமை உரிப்பது பிளேட்டிங் கடைக்காரர் தொட்டியில் மின்சாரம் வைத்துச் செய்யும் வேலை. வீட்டில் தேய்த்து எடுக்கப் பார்த்தால் விஷத்தூசு மிஞ்சும். ஃபோர்க் பைப்பின் குரோமை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், ஆயில் சீல் அதன்மேல்தான் ஓடுகிறது. பழைய ஜாவா டேங்கின் பக்கவாட்டுக் குரோம் நன்றாக இருந்தால், அதை மறைத்துவிட்டுப் பெயிண்ட் பகுதியை மட்டும் கையால் உரியுங்கள். ஸ்ட்ரிப்பரைத் தடவிவிட்டால் எல்லைக்கோட்டுக்குள் புகுந்து டேப்பையும் கரைக்கும்.

உரிப்பது

சேஸிஸ், ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்ட் மாதிரித் தடித்த இரும்புக்கு, காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சி உரிக்கும் பிளாஸ்டிங்தான் சரி. டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் மாதிரித் தகர பாகங்களுக்குக் கெமிக்கல் ஸ்ட்ரிப்பர். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? 80, 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மட்கார்டை பிளாஸ்ட் செய்தால் தகரம் ஒரு பக்கம் நீண்டு, அப்பளம் பொரித்த மாதிரி நெளியும். அதை எந்தத் தட்டும் வேலையாலும் பழையபடி கொண்டுவர முடியாது. தகரத்தை பிளாஸ்ட் செய்தே தீரவேண்டும் என்றால் 40 பி.எஸ்.ஐ. அளவில், மெல்லிய துகளில், ஒரே இடத்தில் நிற்காமல் அடிக்கச் சொல்லுங்கள்.

அம்பத்தூர், கிண்டி பக்கம் தொழிற்பேட்டைகளில் பிளாஸ்டிங்கும், பெயிண்ட் பவுடரைத் தூவி அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங்கும் ஒரே இடத்தில் செய்யும் பட்டறைகள் உண்டு. கொடுக்கும் முன் ஸ்டீயரிங் கப், ஸ்விங் ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் வெளியே தட்டி எடுத்துவிடுங்கள், அல்லது ரப்பர் அடைப்பு போடுங்கள். மரையுள்ள துளைகளில் பழைய போல்ட்டை முறுக்கி விடுங்கள். சாதாரண ஆற்று மணலில் அடிக்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரவைக்கும். அங்கே நின்று அடிப்பவருக்குத்தான் முதலில் ஆபத்து. அலுமினியம் ஆக்சைடு துகள் இரும்புக்கும், கண்ணாடி மணி அலுமினியத்துக்கும் பொருந்தும். இன்ஜின் கேஸை மட்டும் உள்ளே எதுவும் பிரிக்காமல் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஆயில் வழிக்குள் ஒரு சிட்டிகை துகள் போனாலும் பேரிங்கைத் தின்றுவிடும்.

இப்போது ஸ்ட்ரிப்பர். கடையில் கிடைக்கும் கெட்டி ஜெல் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கதவை மூடிய அறையில் இதை வைத்து வேலை செய்தவர்கள் உலகெங்கும் இறந்திருக்கிறார்கள். மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். துணி மாஸ்க் இதற்குப் பிரயோஜனமே இல்லை. மெல்லிய நீலக் கையுறையையும் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். தோல் சில்லிட்டு எரிவது போல இருந்தால் உடனே கழற்றி சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பழைய பிரஷால் 2, 3 மி.மீ. தடிமனுக்கு ஒரே திசையில் அப்புங்கள். மேலும் கீழும் தேய்க்காதீர்கள். ஜெல்லில் மெழுகு இருக்கிறது, அது மேலே ஏடு கட்டித்தான் ஆவியை உள்ளேயே பிடித்து வைக்கிறது. பிரஷை ஆட்டினால் அந்த ஏடு உடையும். நம் வெயிலுக்கு 5 நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பதால் மேலே ஒரு பாலிதீன் கவரைப் போர்த்துங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கித் தூக்கும். மழுங்கிய பட்டித் தகடால் வழித்தெடுங்கள். மூலை முடுக்கில் ஸ்டீல் உல் (இரும்பு நார்). மூன்று கோட் பெயிண்ட் இருக்கும் டேங்குக்கு இரண்டு, மூன்று சுற்று ஆகும்.

பெயிண்ட் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த மெழுகு இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். தண்ணீரில் கழுவி, பிறகு தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வருவது நிற்கும் வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் புது பெயிண்டில் நடுவில் குழி விழுந்த வட்ட வட்டப் புள்ளிகள் வரும், மீன் கண் என்பார்கள்.

சின்ன இரும்புச் சாமான்களுக்கு, பிராக்கெட், ஸ்டாண்ட், செயின் கவர் மாதிரியானவற்றுக்கு, காஸ்டிக் சோடா போதும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக்கிலோ முதல் முக்கால் கிலோ. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி கட்டாயம். ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பழைய எனாமல் பெயிண்ட் தோலாக வந்துவிடும். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட், பவுடர் கோட் இதற்கு அசையாது. அலுமினியம் இதில் விழவே கூடாது, பொங்கி ஹைட்ரஜன் வாயு விட்டு உங்கள் கண் முன்னாலேயே கரையும்.

கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு உரிப்பவர்கள் நிறையப் பேர். வேகமாகத்தான் போகும். ஆனால் கம்பி பிரஷ் துருவை எடுக்காமல் பளபளப்பாகத் தேய்த்துப் பள்ளத்துக்குள் அமுக்கிவிடும். பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும், ஆறு மாதத்தில் அதே இடத்தில் பழுப்பு. கறுப்பு நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க் வாங்குங்கள், உங்கள் கிரைண்டரின் சுற்று வேகத்தை அது தாங்குமா என்று அதன்மேல் பார்த்துவிட்டு. ஃபிளாப் டிஸ்க் டேங்குக்கு ஆகாது, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகரத்தை அது வழித்துவிடும்.

பழைய மஞ்சள், சிவப்பு பெயிண்டுகளிலும் அந்தக் காலத்துச் செம்மண் நிற பிரைமரிலும் (அடிப்பூச்சு) ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். உரித்த கசடைச் சாக்கடையில் தள்ளாமல் பழைய பெயிண்ட் டப்பாவில் அடைத்து வையுங்கள்.

டேங்கின் உள்பக்கம்

வெளியே பெயிண்ட் அடிக்கும் முன்பே உள்ளே சுத்தம் செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் ஆசிட் வழிந்து புது பெயிண்டைக் கெடுக்கும். பெட்ரோலை வடித்து, பெட்ரோல் வால்வையும் மூடியையும் கழற்றி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். வடித்த டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, ஏனென்றால் வெடிப்பது ஆவிதான். அதன் பக்கத்தில் ஹீட் கன், கிரைண்டர் பொறி எதுவும் வேண்டாம். ஓட்டை இருந்து பற்றவைக்க வேண்டுமானால் டேங்க் பற்றவைப்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

துரு செதிலாக இருந்தால் 20 நட்டைப் போட்டுக் குலுக்குங்கள். எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். பிறகு சிட்ரிக் ஆசிட். பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெருக் கெமிக்கல் கடைகளில் கிலோக்கணக்கில் கிடைக்கும். 10 லிட்டர் வெந்நீருக்கு ஒரு கிலோ கரைத்துக் கழுத்து வரை நிரப்புங்கள். அரை டேங்க் நிரப்பினால் மேற்கூரையில் இருக்கும் துரு அப்படியே இருக்கும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது காற்றின் ஈரம் படிந்து அதிகம் துருப்பிடிப்பதே அந்தக் கூரைதான். 12 மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் போதும், 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

வடித்த மறுநிமிடமே கழுவும் வேலை. ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்ட தண்ணீரால் இரண்டு முறை, பிறகு நல்ல தண்ணீரால். உடனே ஹேர் டிரையரால் சூடு காட்டி உலர்த்துங்கள். 10 நிமிடம் டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது உள்ளே ஆரஞ்சு நிறம் பூத்திருக்கும். காய்ந்த சூட்டோடு 50 மில்லி டூ-டி ஆயிலை ஊற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் பூசிவிட்டு, துளைகளை ரப்பரால் அடைத்து விடுங்கள். துரு வராமல் உள்சுவரில் பூசும் லைனர் போடப் போகிறீர்கள் என்றால் எண்ணெய் கூடாது, லைனர் ஒட்டாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. லைனர் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

துருவும் உப்பும்

வெளிப்பக்கத்துத் துருக்குழிகளில் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியைத் தடவி, 10 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, ஸ்டீல் உல்லால் தேய்த்துக் கழுவுங்கள். அதை அப்படியே காயவிட்டு மேலே எபாக்ஸி பிரைமர் அடிப்பவர்கள் உண்டு. மிஞ்சிய ஆசிட் எபாக்ஸியைச் சரியாக இறுகவிடாது, பிறகு தகடு தகடாக உரியும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக். துரு சட்டென்று போகும், ஆனால் குளோரைடு குழிக்குள்ளேயே தங்கி பெயிண்டுக்கு அடியில் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். அதன் புகையில் பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர்கள்கூடத் துருப்பிடிக்கும். ஆக்ஸில், ஸ்பிரிங், உறுதியான போல்ட் இவற்றை எந்த ஆசிட்டிலும் ஊறவைக்காதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

கழுவும் தண்ணீர் விஷயம் பலர் யோசிக்காதது. திருவான்மியூர், ராயபுரம் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் பல போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவிக் காயவைத்தால் நீங்கள் ஆசிட் போட்டு எடுத்த உப்பை நீங்களே திரும்பப் பூசுகிறீர்கள். முதல் கழுவல் எதிலும் இருக்கட்டும். கடைசிக் கழுவலுக்கு ஒரு 20 லிட்டர் குடிதண்ணீர்க் கேன் போதும், டேங்க், இரண்டு மட்கார்டு, இரண்டு பாக்ஸ் எல்லாம் முடிந்து மிச்சம் இருக்கும். கழுவி முடித்தபின் வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையும் உப்புதான், மறுநாள் விரல் ரேகை பழுப்பாகத் தெரியும்.

நாளும் நேரமும்

கண்ணுக்கு நல்ல வெயில் தெரிகிறது என்பதற்காகப் பெயிண்ட் அடிக்க உகந்த நாள் ஆகிவிடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதை விட்டுவிடலாம். மார்கழியில் மழை நின்றாலும் சாயந்திரமே பனி இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தூசு பறக்காதா? மாசி, பங்குனி மாதங்கள்தான் சென்னையில் இதற்கு ஏற்றவை. கத்திரி வெயிலில் அடித்தால் பெயிண்ட் துளி இரும்பைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, மேற்பரப்பு சொரசொரவென்று ஆகும். அப்போது மெதுவாக ஆவியாகும் ஸ்லோ தின்னர் வாங்க வேண்டும்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் இருக்கிறது. விடியற்காலையில் காற்றில் ஈரம் உச்சம். 9, 10 மணிக்கு மேல் குறையும். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறும்போது ஈரம் மறுபடி கூடும். ஆகவே 10 மணியிலிருந்து 1 மணி வரை உங்கள் நேரம். 32 டிகிரி வெயிலில், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், இரும்பு 27 டிகிரிக்குக் கீழே போனாலே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படரும். ஏ.சி. அறையில் வைத்திருந்த டேங்கை மாடிக்குக் கொண்டுவந்து அடித்தால் இதுதான் நடக்கும். அடிக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே பாகத்தை வைத்து, காற்றின் சூட்டுக்கு வரவிடுங்கள். சாயந்திரம் அடிக்காமல் இருக்க இன்னொரு காரணம், கொசு. கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில் ஒட்டிய கொசுவை எடுக்கப் போனால் ஒரு கோடு, எடுக்காவிட்டால் ஒரு கொசு.

பிரைமரும் பட்டியும்

வெறும் இரும்பு தெரிந்த அன்றைக்கே பிரைமர் அடித்தாக வேண்டும். பிளாஸ்டிங் முடிந்த சேஸிஸ் என்றால் நாலு மணி நேரத்துக்குள். பவுடர் கோட்டிங் செய்யும் இடத்திலேயே பிளாஸ்டிங்கும் செய்வதன் லாபம் இதுதான்.

இரும்பை 120, பிறகு 180 நம்பர் தாளால் கீறி, தின்னரால் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு மெல்லிய கோட். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் பிடிக்கும். ஆனால் ஆசிட் உள்ள எட்ச் பிரைமருக்கு மேல் எபாக்ஸி அடிக்காதீர்கள், ஏதாவது ஒன்று போதும். சாதாரண ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்கு உகந்தது, மேலே பி.யூ. அடித்தால் அதன் தின்னரில் இது சுருங்கித் தூக்கும்.

பட்டி எபாக்ஸிக்கு மேலேதான் வர வேண்டும். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். நேரடியாக இரும்பில் போட்டால் அடியில் துரு, மேலே பெயிண்ட். பட்டிக்கு ஹார்டனர் எடையில் 2 சதவீதம், அதாவது ஒரு எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி. சித்திரை வெயிலில் கலந்த 4, 5 நிமிடத்தில் கல்லாகிவிடும், எனவே ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், மிஞ்சிய ஹார்டனர் மேலே ஏறி வெள்ளை, கிரீம் கலர்களில் மஞ்சள் கறையாகத் தெரியும். தடிமன் 2 மி.மீ.க்கு மேல் போகிறது என்றால் முதலில் டென்ட்டைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும்.

இங்கே ஒரு பழக்கத்தை மாற்றியாக வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் வாட்டர் பேப்பரில் தேய்ப்பார்கள். பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அது ஸ்பாஞ்ச் மாதிரி குடித்துக்கொள்ளும். மேலே பிரைமரும் கலரும் மூடியபின் முதல் வெயிலில் அந்தத் தண்ணீர் ஆவியாகக் கொப்புளம் விடும். பட்டியை உலர்ந்தபடியே 120, 180 நம்பரில், மரக்கட்டையில் சுற்றிய தாளால் தேயுங்கள். விரலால் தேய்த்தால் விரல் அளவுக்குப் பள்ளம் விழும். தண்ணீர்த் தேய்ப்பு அதற்கு மேல் வரும், ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே சர்ஃபேசர் பிரைமரில் ஆரம்பிக்கட்டும்.

சர்ஃபேசர் காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவலாக அடித்துவிட்டு, 400 நம்பரில் தேயுங்கள். கறுப்பு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். சாதா கலருக்கு 600 வரை, மெட்டாலிக்குக்கு 800 வரை போக வேண்டும். 400 நம்பர்க் கீறல் மெட்டாலிக்கில் அப்படியே தெரியும்.

கலர்

டேங்கில் பெட்ரோல் சிந்தாமல் யாரும் வண்டி ஓட்டியதில்லை. அதனால் டேங்குக்கு ஹார்டனர் கலக்கும் பி.யூ.தான். கடையில் கிடைக்கும் சாதா ஸ்ப்ரே கேனும், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் பெட்ரோல் பட்டால் கையோடு வரும். எத்தனால் சேர்ந்ததிலிருந்து இன்னும் சுலபமாக வருகிறது.

பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. துணி மாஸ்க், கோவிட் காலத்து மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் குறைந்தபட்சப் பாதுகாப்புதான், சரியானது வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி. அது இல்லையென்றால் தேய்ப்பு வரை வீட்டில் முடித்துவிட்டு, கலரை மட்டும் பூத் வைத்திருக்கும் பெயிண்டரிடம் அடித்து வாங்குங்கள். தேய்ப்புக்குத்தான் கூலி அதிகம் என்பதால் அதில் நஷ்டம் இல்லை.

நீங்களே அடிப்பதாக இருந்தால் அளவுகள் இவை. டேங்க், மட்கார்டு, பாக்ஸுகளுக்குக் கலர் அரை லிட்டர், கிளியர் அரை லிட்டர், எபாக்ஸி முக்கால் லிட்டர் கையில் இருக்கட்டும். ஸ்ப்ரே துப்பாக்கியில் அடிக்கும்போது பாதி காற்றோடு போகும். கலக்கும் விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான், வேறு கம்பெனி ஹார்டனரைக் கலக்காதீர்கள். பெயிண்டின் கெட்டித்தன்மையை அளக்கும் ஓட்டைக் கிண்ணமான ஃபோர்டு கப்பில் 18 முதல் 20 விநாடி வழிந்தால் பதம் சரி. பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மி.மீ. நாசில், கலருக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4. அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. அருகில், தூரம் ஒரு சாண். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். விசையை டேங்குக்கு வெளியே அழுத்தி, டேங்குக்கு வெளியே விடுங்கள்.

கம்ப்ரசரில், காற்றோடு வரும் தண்ணீரைப் பிடிக்கும் ஈரப்பொறி இல்லாமல் சென்னையில் ஸ்ப்ரே செய்யக்கூடாது. அடிவால்வைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும் நாட்கள் உண்டு. அரை மணிக்கு ஒரு முறை வடியுங்கள். ஹோஸில் வரும் ஒரு துளி கிளியர் கோட்டில் குமிழாக நிற்கும்.

முதல் கோட் தூவல் மாதிரி மெல்லியது. 10, 15 நிமிடம் கழித்து, விரல் பட்டால் ஒட்டும் ஆனால் விரலில் வராது என்ற பதத்தில் இரண்டாவது. வழிந்துவிட்டால் துடைக்காதீர்கள், அப்படியே காயவிட்டு மறுநாள் 800, 1500 நம்பரில் தேய்த்து எடுக்கலாம். ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி வந்தால் பெயிண்ட் கெட்டி அல்லது துப்பாக்கி தூரம். என்.சி. அடித்து அது பால் மாதிரி வெளுத்தால் காற்றின் ஈரம் உள்ளே போய்விட்டது, ரிடார்டர் தின்னரைத் தூவி மீட்கப் பார்க்கலாம். மீன் கண் வந்தால் அதற்கு மேல் அடிப்பதை நிறுத்துங்கள், இன்னொரு கோட் அதை மூடாது. தேய்த்துத் துடைத்து மறுபடி. பெரும்பாலும் காரணம் டயர் பாலிஷோ, டேஷ்போர்டு பாலிஷோ, அதே இடத்தில் எப்போதோ அடித்த சிலிக்கான்.

புல்லட் டேங்கின் தங்கக் கோடு திருவொற்றியூர் ஆலையில் கையால் இழுத்தது. ஸ்டிக்கர் அதற்கு ஈடாகாது, கோடு இழுக்கத் தெரிந்த பெயிண்டரிடம் போங்கள். எனாமலில் இழுத்த கோட்டுக்கு மேல் கிளியர் அடித்தால் கோடு சுருங்கும் வாய்ப்பு உண்டு. ஒரு தகரத் துண்டில் சோதித்த பிறகே டேங்கில் செய்யச் சொல்லுங்கள், அல்லது கிளியர் இறுகிய பின் மேலே இழுக்கச் சொல்லுங்கள்.

பவுடர் கோட்டிங்குக்கு எதை அனுப்புவது

சேஸிஸ், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்ட், ஃபுட்ரெஸ்ட். அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும் என்பதால் பட்டி போட்டது, ஈயம் பற்றவைத்தது எதுவும் போகக்கூடாது. ஈயப் பற்று 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். டேங்கை இதனாலேயே அனுப்ப வேண்டாம். வார்ப்பு அலுமினியத்துக்குள் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும், அது சூட்டில் வெளியேறிக் குமிழ் விடும். பவுடர் தூவும் முன் ஒரு முறை வெறுமனே சுட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பவுடர் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். கப் உட்காரும் இடம், ஆக்ஸில் துளை, இன்ஜின் மவுண்ட் முகம், சேஸிஸ் நம்பர், இந்த நான்கையும் மறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இன்ஜின் மவுண்டில் பெயிண்ட் தடிமனாக இருந்தால், ஓடும்போது அது நசுங்கி போல்ட் லூசாகும்.

சிலிண்டர், சைலன்சர் பக்கம் சாதா பெயிண்ட் நிற்காது, சிலிக்கான் அடிப்படையிலான ஹீட் பெயிண்ட் வேண்டும். மெல்லிய இரண்டு கோட். அதற்கு அடியில் பிரைமரோ பட்டியோ கிடையாது. காற்றில் காய்ந்தது இறுகியதாக ஆகாது: முதல் தடவை 5 நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள், பிறகு 10, பிறகு 20. ஒரேயடியாக நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போனால் பொரிந்து உதிரும்.

மாட்டும்போது

கலர் அடித்த மறுநாள் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் இறுகியிருக்காது. டேங்கில் ஒரு வாரம் பெட்ரோல் ஊற்றாதீர்கள், ஒரு மாதம் வேக்ஸ் போடாதீர்கள், தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். புது பெயிண்டில் தார்ப்பாயின் நெசவு அச்சு விழும்.

மரைகளில் பவுடர் போயிருந்தால் மரை வெட்டும் டேப் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகள் நிறைய; 6, 8 மி.மீ. மெட்ரிக் டேப்பை முறுக்கினால் மரையே போய்விடும். ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ புது போல்ட் வாங்கும்போது பழைய போல்ட்டைக் கையில் எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். டேங்க் உட்காரும் ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள், கெட்டிப்பட்ட பழைய ரப்பர் இரண்டே மாதத்தில் பெயிண்டைத் தேய்த்து இரும்பைக் காட்டும்.

எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினால் லைட் எரியவில்லை, ஹாரன் வரவில்லை என்றால் ஒயரிங்கைக் கிழிக்காதீர்கள். பவுடர் கோட் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கோட்டிங்கைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

ஹார்டனர் கலக்காத கலரில் 50 மில்லியை ஒரு கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, கலரின் குறியீட்டு எண்ணை மேலே எழுதி வையுங்கள். ஹார்டனர் டப்பா திறந்தபின் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும், அது தேவைப்படும்போது புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை மட்கார்டின் உள்பக்கத்தையும் டேங்கின் அடி மடிப்பையும் டார்ச் அடித்துப் பார்த்து, கல் பட்டு இரும்பு தெரியும் இடத்தில் எபாக்ஸி ஒரு சொட்டு, காய்ந்தபின் கலர் ஒரு சொட்டு.